கை எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ரஷ்ய ஓவியர் வாலன்டின் செரோவைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில். இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு. 'கண்கள் பேசுகின்றன' என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். வேராவின் கண்கள் பேசுகின்றன, ஜாரின் கண்கள் பேசுகின்றன, குட்டிப் பையன் மிகா மோரோசவின் கண்களும் பேசுகின்றன. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் சொல்வது காதில் விழும்?

1865இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தது, இசையமைப்பாளரான அப்பாவை ஆறு வயதில் இழந்தது, ஒன்பது வயதில் பாரிஸில் ஓவியர் ரேப்பினிடம் வரையக் கற்றது, பிறகு சிஸ்தியகோவிடம் படித்தது எல்லாம் கட்டுரையில் ஒழுங்காக இருக்கிறது. அதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. எனக்கு எரிச்சல் வந்தது இரண்டே இடத்தில்தான்.

'பீச் பழங்களோடு சிறுமி' படத்தை 'ஒரே மூச்சில் தீட்டியது' என்று எழுதியிருக்கிறாய். எந்த மூச்சு தம்பி அது? 1887இல், மாஸ்கோவுக்கு வெளியே மாமோந்தவ் குடும்பத்தின் அப்ராம்த்செவோ பண்ணை வீட்டில், அந்த வீட்டுச் சிறுமி வேராவைச் சாப்பாட்டு அறையில் உட்கார்த்தி வைத்து வரைந்தது. செரோவுக்கு 22 வயது, வேராவுக்கு 11. ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தப் பெண் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளியே ஓடி விளையாட வேண்டிய வயதுப் பிள்ளை! மேசைமேல் மேப்பிள் இலைகள் கிடக்கின்றனவே, கவனித்தாயா? கோடை நழுவிக்கொண்டிருந்ததை அதுவே சொல்கிறது. ஒரு மாதம் எந்தப் பீச் பழம் தாங்கும்? எத்தனை தடவை பழத்தை மாற்றி வைத்தார்களோ என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அடுத்த வருஷம் தொமோத்கானவோவில் வரைந்த 'வெயிலில் இளம்பெண்' இன்னும் மோசம். அத்தை மகளோ சித்தி மகளோ ஏதோ ஓர் உறவு முறை, மரியா சிமானோவிச். மூன்று மாதம் மரத்தடியில் உட்கார்ந்தாள். இலைகளுக்கு நடுவே விழும் வெயில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதைத் துரத்திக்கொண்டு மூன்று மாதம்! பார்க்கிறவனுக்கு இரண்டுமே இன்று காலையில் முடித்து, வர்ணம் இன்னும் காயாத மாதிரி இருக்கும். அந்த ஈரம் வருவதற்கு அத்தனை நாள் பிடித்தது என்பதுதான் செரோவின் சூட்சுமம். அதைப் போய் 'ஒரே மூச்சு' என்று இரண்டே சொல்லில் ஊதிவிட்டாயே.

இரண்டாவது எரிச்சல், கை. நீ சிரிப்பாய் என்று தெரியும். 'கிழவன் மறுபடி கையைப் பிடித்துக்கொண்டான்' என்று நண்பர்களிடம் சொல்வாய். சொல்லிக்கொள். ஆனால் செரோவின் படங்களை ஒரு அட்டையால் கழுத்துவரை மறைத்துவிட்டுப் பார். முகமே வேண்டாம். வெள்ளை விரிப்பின் மேல், வெயிலில் கொஞ்சம் கறுத்த வேராவின் கைகள் பழத்தைப் பிடித்திருக்கின்றன. சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அந்தப் பொறுமையின்மை முழுக்க விரல்களில் இருக்கிறது. 1893இல் வரைந்த லெவிதான் படத்தை எடுத்துக்கொள். நிலக்காட்சி ஓவியரின் முகம் பாதி நிழலில்; நாற்காலி முதுகின் மேலாக ஒரு கை மட்டும் வெளிச்சத்தில் தொங்குகிறது. களைத்த கை. சோகம், தனிமை என்று அந்த மனிதரைப் பற்றி நீ எழுதிய அரைப் பக்கம் அந்த ஒரு மணிக்கட்டில் இருக்கிறது. 1901இல் வரைந்த மிகா, நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டு இதோ குதித்துவிடப் போகிறான். கோமகள் ஒர்லோவாவுக்குக் கழுத்து முத்துமாலையை விட்டு விரல் நகரவில்லை. அவள் தலைத் தொப்பியைப் பற்றி ஒரு பத்தி எழுதியவன், அந்த விரலைப் பார்க்க வேண்டாமா?

ஜார் இரண்டாம் நிக்கலாயின் படத்துக்கு வருகிறேன். மகாராணி இங்கே திருத்து, அங்கே திருத்து என்று சொல்லப்போக, செரோவ் தூரிகையையும் வண்ணத்தட்டையும் அவளிடமே நீட்டிய கதையை ரசித்து எழுதியிருக்கிறாய். எல்லாரும் எழுதுவது, சரி. ஆனால் 1900இல் வரைந்த அந்தப் படத்தில் ஜார் சாதாரணச் சட்டையில், மேசைமேல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பெரிய சாம்ராஜ்யம். கைக்கு மட்டும் வேலையில்லை. 1917 புரட்சியில் குளிர்கால அரண்மனைக்குள் நுழைந்தவர்கள் மூலப்படத்தைத் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கிழித்துவிட்டார்கள். திரெத்யகோவ் காலரியில் இன்று இருப்பது செரோவ் தம் கையாலேயே வரைந்து வைத்திருந்த இன்னொரு பிரதி. கட்டுரையில் இதைக் காணோம்.

எனக்கு ஏன் இந்தக் கைப்பித்து என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கலைக் கல்லூரி முடித்த கையோடு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். செத்தவர்களின் போட்டோவைப் பார்த்து ஆயில் பெயின்ட்டில் வரைந்து தருவது வேலை. எல்லாம் மார்பளவுதான். கை தெரிய வேண்டுமென்றால் ரேட் கூட என்பது முதலாளி சட்டம். அதனால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருநாள் ஓர் அம்மாள் வந்து வீட்டுக்காரர் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "மூஞ்சி அவரேதான். ஆனா அவருக்கு வலது கையில ஆறு விரல் தம்பி. ஊர்ல அதை வச்சுத்தான் அடையாளம் சொல்லுவாங்க" என்றாள். நான் என்ன பதில் சொல்ல? படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ மூர் மார்க்கெட்டில் பழைய 'சோவியத் நாடு' பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கிளறும்போது இந்தப் பீச் பழப் பெண் கிடைத்தாள். அச்சு மட்டம், இளஞ்சிவப்புச் சட்டை ஏறக்குறைய காவியாகியிருந்தது. பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினேன். முதலில் பார்த்தது கைகளைத்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பேரை உட்கார்த்தி வைத்து வரைந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் இன்றுவரை ஒரு கை கூடச் சரியாக வரவில்லை.

திட்டியது போதும். நடிகை யெர்மோலவாவின் படத்தைப் பற்றி நீ எழுதிய பத்தியை என் பேத்தியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். 1905 ஜனவரியில் ஓவியக் கல்விக்கழகத்தின் சன்னலில் நின்று, நிராயுதபாணிகளான தொழிலாளர்கள் மேல் படை பாய்ந்ததைப் பார்த்தவர் செரோவ். அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவரே கல்விக்கழகத்துக்கும் தலைவர் என்பதால் உறுப்பினர் பதவியை வீசி எறிந்தவர். அதே வருஷம் அந்த நடிகையை, கறுப்பு உடையில், கைகளைக் கோத்து, தூண் மாதிரி நிற்கவைத்து வரைந்தார். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன், தோன்றவில்லை. பொறாமையாக இருந்தது. திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டீன் அந்தப் படத்தில் சினிமா கோணங்களைக் கண்டுபிடித்தார்: தரை ஒரு பார்வையில், முகம் இன்னொரு பார்வையில், சுவர்க்கோடும் கண்ணாடிச் சட்டமும் ஒரே உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகின்றன என்று. நீ கண்டது அதற்குக் குறைந்ததில்லை. அந்தப் பத்தியில் ஒரு 'கண்கள் பேசுகின்றன' கூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

நடனக் கலைஞர் ஈதா ரூபின்ஸ்டீன் படம் பற்றி நீ தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறாய். 1910இல் வரைந்தது, எலும்பும் கோடுமாக, நிர்வாணமாக. பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று எழுது. ரேப்பினுக்கே பிடிக்கவில்லை. ஒர்லோவா தன் படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, ரூபின்ஸ்டீன் தொங்கும் அறையில் அதை மாட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டாளாம்! எனக்கும் அந்தப் படத்தோடு ஒத்துப்போக இருபது வருஷம் பிடித்தது.

செரோவ் 46 வயதில் போய்விட்டார். 1911இல் ஒருநாள் காலை, இன்னொரு உருவப்படத்துக்கான அமர்வுக்குக் கிளம்பும் நேரத்தில் இதயம் நின்றது. இதை நீ கடைசி வரியாக வைத்து 'தூரிகை ஓய்ந்தது' என்று முடித்திருக்கிறாய். தூரிகையை விடு, அன்று அவருக்காக உட்காரத் தயாராகிக் காத்திருந்த பெண்மணியை நினைத்தாயா?

கட்டுரைக்குப் பக்கத்தில் நீ வரைந்த உன் பாட்டியின் படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். முகம் நன்றாக வந்திருக்கிறது; தாடையிடம் கொஞ்சம் அவசரம். கை இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துவிட்டாய். குளிரா, இல்லை உனக்குப் பயமா? பாட்டியைக் கேட்டதாகச் சொல். முந்தானைக்குள் அவர் கையில் என்ன வைத்திருந்தார் என்று விசாரித்து எழுது. வெற்றிலைப் பை என்றுதான் எனக்குப் படுகிறது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்