மீன் போன தீவில் ஆள் எங்கே?

கேள்வி: முதியவர்கள் நிறைந்த ஒரு சிறிய பகுதி, வெளியாட்களைக் குடியேற்றினால் பிழைத்துக்கொள்ளுமா?

பதில்: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பல ஆண்டுகளாக அதைத்தான் முயன்று பார்க்கிறது.

நூற்றாண்டுகளாக அந்தத் தீவுக்குச் சோறு போட்டது காட் மீன். அளவில்லாமல் அள்ளியதில் கடல் வற்றியது. 1992 ஜூலையில் கனடா அரசு காட் மீன்பிடிப்புக்குத் தடை போட, ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இளைஞர்கள் அல்பெர்ட்டா மாகாணத்தின் எண்ணெய் வயல்களுக்குக் கிளம்பினார்கள்; பெரியவர்கள் தங்கிவிட்டார்கள். இன்று லாப்ரடாரையும் சேர்த்து ஐந்து லட்சத்துச் சொச்சம் பேருள்ள அந்த மாகாணத்தில் பிறப்பைவிட இறப்பு அதிகம்.

கடலில் எண்ணெய் கிடைத்துக் கஜானா நிறைந்தது உண்மைதான். ஆனால் எண்ணெய்க் கிணறு கிராமத்துக்கு நர்ஸைத் தராதே!

அதனால் வெளியாட்களை அழைத்தார்கள். 2017-ல் அட்லாண்டிக் மாகாணங்களுக்கென்றே தனிக் குடியேற்றத் திட்டம் வந்தது. 2022-ல் உக்ரைன் அகதிகளைப் போலந்திலிருந்து தனி விமானத்தில் கூட்டிவந்தார்கள்.

வரவழைப்பது எளிது, தங்கவைப்பதுதான் பாடு. இதற்கு நம்மவர் கதையே சாட்சி. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் பனிமூட்டத்தில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை மீட்டவர்கள் இத்தீவின் மீனவர்கள். அந்த நன்றியை மீட்கப்பட்டவர்கள் மறக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலோர் சில நாட்களிலேயே மாண்ட்ரியாலுக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்டார்கள். உறவும் வேலையும் அங்கேதான் இருந்தன.

போதாக்குறைக்கு, மாகாணங்கள் தாமே ஆள் தேர்ந்தெடுக்கும் திட்டத்தின் 2025-க்கான நாடு தழுவிய இலக்கை மத்திய அரசு பாதியாக வெட்டியது. டொராண்டோவின் வீட்டு வாடகைச் சிக்கலுக்குத் தந்த குடியேற்றக் குறைப்பு என்ற அதே மருந்தை, ஆளில்லாத மீனவக் கிராமத்துக்கும் புகட்டினார்கள்.