வாசல் கோலமே தோடு டிசைன்!

சுடுமண் நகை செய்யக் கத்துக்கிட்டீங்க. ஆனா இணையத்தில் பார்த்த டிசைனையே செய்தால், அதே தோடு பக்கத்துக் கடையிலும் தொங்கும். நல்ல விலை கிடைக்காது. புது டிசைனை எங்கே தேடுவது? நம்ம வீட்டைச் சுற்றித்தான். மாங்காய் மாலையும் காசு மாலையும் அப்படி வந்தவைதானே!

1. பாருங்கள்: வாசல் கோலம், முருங்கைப் பூ, கூடைப் பின்னல் என்று கண்ணில் படுவதைப் போனில் படம் எடுத்து, தனி ஆல்பத்தில் சேமியுங்கள்.

2. சுருக்குங்கள்: முழுக் கோலமும் ஒரு தோட்டில் அடங்காது. நான்கு புள்ளி, ஒரு சுழி போதும். அதை நகையின் அளவிலேயே தாளில் வரையுங்கள்.

3. செய்யுங்கள்: களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். அதனால் சற்றுப் பெரிதாகச் செய்யுங்கள். ஜோடி இரண்டையும் ஒரே மண்ணில், ஒரே நேரத்தில் செய்தால்தான் அளவு ஒத்துவரும். கொக்கி மாட்டும் துளையை மண் ஈரமாக இருக்கும்போதே போட்டுடுங்க.

புது வடிவம் அமைஞ்சிடுச்சா? உடனே ஸ்டேட்டஸில் போடாதீங்க! வடிவமைப்புச் சட்டம், 2000-ன் கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு உண்டு; மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனா, ஏற்கெனவே வெளியிட்ட டிசைனுக்குப் பதிவு கிடைக்காது. பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், முதலில் விண்ணப்பம்; அப்புறம்தான் ஸ்டேட்டஸ்.