பஸ் ஏறாதவரையும் கணக்கில் எடுங்கள்

உள்ளூர்ப் போக்குவரத்தை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பலர், முதல் வாரமே கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அரசு செலவில் லட்சக்கணக்கானோரிடம் ஏற்கெனவே கேட்டு வாங்கிய பதில்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படியுங்கள். படிக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் தேடுங்கள்: இதில் யாரைக் கேட்கவில்லை?

ஈரோடு மாவட்டத்து நெசவு ஊரான சென்னிமலையையே எடுத்துக்கொள்வோம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2020இல் 111 நகரங்களில் 32.2 லட்சம் பேரிடம் கருத்துக் கேட்டது. நகரங்களின் வாழ்க்கை வசதிக் குறியீட்டில் அதற்கு 30 சதவீத மதிப்பு. பெருநகரப் பட்டியலில் கோவைக்கு 7ஆவது இடம்; ஈரோடும் திருப்பூரும் சிறு நகரப் பிரிவில் உண்டு. பேரூராட்சியான சென்னிமலை எதிலும் இல்லை. ஈரோட்டுக்காரர் சொன்ன திருப்தியைச் சென்னிமலைக்கும் பொருத்தி எழுதினால், வைவாவில் முதல் கேள்விக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பி-28 அட்டவணை இன்னும் சுவாரசியமானது. வேலைக்குப் போகிறவர் எவ்வளவு தூரம், எதில் போகிறார் என்று மாவட்டவாரியாகச் சொல்கிறது: நடையா, சைக்கிளா, பைக்கா, பஸ்ஸா. கருத்துக் கணிப்பை உரசிப் பார்க்க அருமையான தரவு. ஆனால், அது 'இதர தொழிலாளர்' பற்றி மட்டுமே பேசுகிறது. விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்பவர் மூவரும் அதில் வரமாட்டார்கள். வீட்டிலேயே தறி போட்டுப் பெட்ஷீட் நெய்கிறவர் வீட்டுத் தொழில் கணக்குக்குப் போய்விடுவார். நூல் வாங்கவும் நெய்ததை நெசவாளர் சங்கத்தில் கொடுக்கவும் அவர் அலைவது இந்த அட்டவணையில் பதிவாகாது. நெசவு ஊரில் இது சின்ன ஓட்டை அல்ல. உங்கள் ஆய்வுக்கு இடம் கிடைப்பதே அங்கேதான்.

அரசு பஸ்களில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் ஆராய்ந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது. பக்கத்துக் காங்கயம் திருப்பூர் மாவட்டம். சென்னிமலை ஈரோடு மாவட்டம். அதே கேள்விகளை இங்கே கேட்டாலே ஒப்பிட்டு எழுத ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: டிக்கெட் இல்லை என்ற மகிழ்ச்சியும், பஸ் நேரத்துக்கு வருகிறது என்ற திருப்தியும் வேறு வேறு. தனியாகக் கேளுங்கள். தனியார் பஸ்ஸில் காசு கொடுத்துப் போகும் பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். இலவச வண்டி இருந்தும் அவர் ஏன் அதில் ஏறவில்லை என்பதற்கான பதில் எந்தத் திருப்தி மதிப்பெண்ணிலும் இல்லை.

அச்சான அறிக்கையில் சதவீதம்தான் இருக்கும். உங்களுக்குத் தேவை ஒவ்வொருவர் பதிலும் உள்ள மூலத் தரவு, வினாத்தாள், மாதிரி எடுத்த முறை. உங்கள் துறைத் தாளில் வழிகாட்டியின் கையெழுத்தோடு, கணிப்பு நடத்திய அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். பெயரும் செல்பேசி எண்ணும் நீக்கிய பிரதி போதும் என்று அதிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'ஏன் பஸ் குறைந்தது' என்று கேட்காதீர்கள்; அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. 'இந்தத் தடத்தில் இந்த மாதம் இயங்கிய நடைகளின் பதிவேட்டு நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள்.

தரவு கையில் வந்ததும் 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போடும் ஆசையை அடக்குங்கள். பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 கொடுத்தாலும் சராசரி 3தான். அப்படி நினைத்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். எத்தனை பேர் 1, 2 கொடுத்தார்கள், அவர்கள் யார், எந்த நேரம் பயணம் செய்பவர்கள் என்று பிரியுங்கள். கணிப்பு எடுத்த தேதியையும் பாருங்கள். தைப்பூச வாரத்தில் மலைக்கோயிலுக்கு வந்த கூட்டத்திடம் கேட்டது, சாதாரண நாளின் சென்னிமலையைச் சொல்லாது.

தரவைச் சுத்தம் செய்த ஒவ்வொரு படியையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். போக்குவரத்து ஆலோசனை நிறுவனத்துக்கோ திட்டப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, ஆய்வேட்டோடு அந்தக் கோப்பையும் இணையுங்கள்.