விளக்கின் கறுப்புக் கம்பி

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் பழைய தோட்ட வீடுகளில் வாழ்வோர், கூரை விளக்கை மாற்ற முற்படுகையில் நிறத்தையே நம்புகின்றனர். சிவப்பு மின்சாரம் வரும் கம்பி, கறுப்பு அது திரும்பும் கம்பி, பச்சை நிலக்கம்பி என்பது நம் நாட்டு வழக்கம். ஆயினும் விளக்கு தொங்கும் இடத்தில் இது பொய்த்துவிடலாம்.

முற்காலத்தில் பல வீடுகளில் சிவப்பும் கறுப்பும் இணைந்த ஒரே வடத்தைச் சுவிட்சுக்கு இறக்கினர். சிவப்பில் இறங்கும் மின்சாரம் சுவிட்சைக் கடந்து கறுப்பின் வழியே விளக்குக்கு ஏறும். சுவிட்சைப் போட்டதும் அக்கறுப்பு உயிர் பெறுகிறது. சிவப்போ, சுவிட்சை அணைத்த பின்னும் 230 வோல்ட் தாங்கி நிற்கும்!

ஆதலின் மெயின் சுவிட்சையே அணைத்தல் வேண்டும். டெஸ்ட் பென் நன்கு ஒளிர்கிறதா என்பதை மின்சாரம் உள்ள இடத்தில் முன்னரே பார்த்துக்கொண்டு, பிறகு அதனால் ஒவ்வொரு கம்பியையும் சோதிப்போம். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று தாளில் குறித்த பின்னரே கழற்றுவோம். புதிய விளக்கின் நீலக்கம்பி, மின்சாரம் திரும்பும் கம்பியுடன் சேரும். பழுப்புக்கம்பி, சுவிட்சிலிருந்து ஏறிவரும் கம்பியுடன் சேரும், அது கறுப்பாயினும் சரியே.

மிகப் பழைய கம்பிகளின் உறை, நாம் பால் வெட்டும் அதே ரப்பர்தான். விளக்கின் சூட்டில் அது காய்ந்து, தொட்டாலே உதிரும். மேலுள்ள துணிப்பின்னல் கறுத்து, நிறமே தெரியாது. அவ்வாறு கண்டால் கைவைக்காமல், எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மனை அழைத்து, குறித்துவைத்த தாளையும் அவரிடம் காட்டுவோம்.