ப்ராசசரை நிறுத்தினால் இன்டரப்ட் எங்கே போகும்?

மவுஸை அசைக்கிறீர்கள். யூஎஸ்பி கண்ட்ரோலர் உடனே "என்னைக் கவனி" என்று ப்ராசசருக்குக் குரல் கொடுக்கிறது. இதுதான் இன்டரப்ட். லினக்ஸில் ப்ராக் டைரக்டரியில் இருக்கும் இன்டரப்ட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். எந்த கோர் எத்தனை குரலுக்குப் பதில் சொன்னது என்ற கணக்கு தெரியும்.

கம்ப்யூட்டர் ஓடும்போதே ஒரு கோரை ஆஃப் செய்யலாம். ரூட் ஆக நுழைந்து, அந்த கோரின் ஆன்லைன் ஃபைலில் 0 எழுதினால் போதும். அதற்கு வந்துகொண்டிருந்த இன்டரப்ட்களை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேறு கோருக்குத் திருப்பிவிடுகிறது. சிக்கல் எங்கே என்றால், திருப்பும் நேரத்தில் ஒரு குரல் பழைய கோரின் வாசலுக்கு வந்து நிற்கலாம். அது தொலைந்தால் அந்தச் சாதனம் பதிலுக்குக் காத்தே முடங்கிவிடும். ஆகவே கெர்னல் 1 மில்லிசெகண்ட் பொறுத்து, பாக்கி ஏதும் நிற்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் புதிய கோரில் மறுபடி எழுப்புகிறது.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். நெட்வொர்க் கார்டின் இன்டரப்டை 3-ம் எண் கோருக்கு மட்டும் ஒதுக்கியிருந்தேன் (எண்ணிக்கை 0-வில் தொடங்கும், அதனால் இது நான்காவது கோர்). சோதனைக்காக அதை ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்தேன். நெட் ஓடியது, கணக்கு மட்டும் வேறு கோரில் ஏறியது. ஒரு மாலை முழுக்க கார்டைத்தான் சந்தேகப்பட்டேன்! கோர் போனதும் கெர்னல் என் ஒதுக்கீட்டை முறித்திருக்கிறது. கோர் திரும்பினாலும் இத்தகைய ஒதுக்கீடு தானாகத் திரும்பாது. 3 என்று மறுபடி எழுதியதும் சரியானது.

வீட்டு பிசிக்களில் 0-ம் கோருக்குப் பெரும்பாலும் ஆன்லைன் ஃபைலே இருக்காது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.