சுருங்கிய நுரையீரலும் சிறு துவாரச் சிகிச்சையும்



நெடிய, ஒல்லியான வாலிபன் ஒருவன் நெஞ்சின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுத்திணறலோடு வந்தால், மாரடைப்போ என்று வீட்டார் பதறுவார்கள். எங்கள் நினைவுக்கு முதலில் வருவது வேறொன்று. நுரையீரலின் உச்சியிலுள்ள சிறு காற்றுக் கொப்புளம் வெடித்து, கசிந்த காற்று நெஞ்சறையில் தேங்கினால், பஞ்சரான டியூபைப்போல நுரையீரல் சுருங்கிவிடும்.

விலா எலும்புகளுக்கிடையே குழாய் செலுத்தி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் அமிழ்த்தி வைப்போம். காற்று குமிழியிட்டு வெளியேற, பெரும்பாலும் சில நாட்களில் நுரையீரல் விரிந்துவிடும். ஆயினும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இது மீண்டும் வருகிறது. மீண்டும் வந்தவர்களுக்கும் கசிவு நிற்காதவர்களுக்குமே அறுவைச் சிகிச்சை.

முன்பு இதற்கு விலாவை அகலத் திறக்கவேண்டியிருந்தது. நெஞ்சறைக்குள் குழாய்க் கருவியால் பார்க்கும் முறையை ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஜேக்கோபியஸ் 1910-லேயே எழுதியிருந்தார். 1990-களில் வீடியோ காமிரா சேர்ந்தபின்புதான் அது இந்நோய்க்குப் பரவலாயிற்று. இரண்டு மூன்று துவாரங்கள் வழியாகக் கொப்புளத்தை வெட்டித் தைத்து, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி உட்புற உறையைச் சுரண்டிவிடுகிறார்கள்.

வலி குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் துவாரம் சிறிதென்பதால் எல்லாப் பலனும் மேலானது என்று எண்ணிவிடக்கூடாது. பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, திறந்த சிகிச்சைக்குப்பின் நூற்றில் சுமார் ஒருவருக்கே நோய் திரும்புகிறது. காமிரா முறையில் சுமார் ஐவருக்கு. இதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்படியிருந்தும், உடலுழைப்பால் பிழைக்கும் வாலிபனுக்கு நாங்கள் காமிரா முறையையே சிபாரிசு செய்வோம். காசநோயால் நுரையீரல் எங்கும் ஒட்டிக்கிடந்தாலோ காமிரா நுழைய இடமிராது, திறக்கத்தான் வேண்டும்.

காமிரா வாங்கிவிட்டால் போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. ஒரு நுரையீரலை மட்டும் இயக்கி மயக்கம் கொடுக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். தைக்கும் கருவியின் ஸ்டேப்பிள் பட்டையோ ஒருமுறைதான் பயன்படும். ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தச் செலவு புதிதாக வரும்.

வீட்டுக்கு அனுப்பும்போது பீடி, சிகரெட்டை அறவே விடச்சொல்லுகிறோம். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுவதும் விரிந்தது தெரியுமுன் விமானம் ஏறலாகாது. தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளிப்பவரானால், இருபுறமும் உறையை நீக்கும் சிகிச்சை செய்தாலொழியக் கடலில் மூழ்கவே கூடாது. வேறு தொழில் அறியாத அவரிடம் இதைச் சொல்லுவதுதான் எங்களுக்குக் கடினம்.