வெயில் உள்ள நாட்டில் விற்றமின் டி குறைவது ஏன்?



"எலும்பெல்லாம் நோகுது, படி ஏற ஏலாமல் கிடக்கு, எந்த நேரமும் களைப்பு." இப்படி யாராவது சொன்னால் எங்கட ஆக்கள் உடனே சொல்லும் பதில், "விசா யோசனைதான், வேற ஒண்டுமில்லை" என்பது. யோசனையாலும் உடம்பு நோகும், உண்மைதான். ஆனால் விற்றமின் டி குறைந்தாலும் இதே மாதிரித்தான் இருக்கும். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, சாதாரண குளிசையால் சரிசெய்யக்கூடிய குறை இது. ஆகவே "யோசனைதான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விற்றமின் டி எதற்கு?

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் உள்ள கல்சியத்தை உடம்பு உறிஞ்சுவதற்கு விற்றமின் டி வேண்டும். அது குறைந்தால் எலும்பும் தசையும் பலவீனமாகும். பலருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. இந்த விற்றமினில் பெரும் பகுதி சாப்பாட்டில் இருந்து வருவதில்லை. வெயில் தோலில் படும்போது எங்கள் உடம்பே அதைச் செய்துகொள்கிறது.

"வெயில் கொளுத்துற ஊரில இருந்து வந்த எங்களுக்கோ?"

ஓம், எங்களுக்குத்தான். காரணங்கள் இவை:

- எங்கள் தோலின் கறுப்பு நிறம் வெயிலைத் தடுக்கும் ஒரு குடை மாதிரி. வெள்ளைத் தோல் உள்ளவரை விட எங்களுக்கு 3 முதல் 6 மடங்கு நேரம் வெயில் தேவைப்படலாம்.
- யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறது. மெல்பேர்ண் ஏறக்குறைய 38 பாகை தெற்கே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெயில் எறித்தாலும் அதில் பலம் இல்லை.
- ஊரில் கிணற்றடி, முற்றம், வயல், கடற்கரை என்று வெளியேதான் வாழ்ந்தோம். இங்கே அடைத்த வீடு, தொழிற்சாலை, இரவு வேலை, பகலில் நித்திரை. தடுப்பு முகாமில் நீண்ட காலம் இருந்து வந்தவர்களும் உண்டு.
- யன்னல் கண்ணாடிக்கு உள்ளே இருந்து வெயில் காய்ந்தால் பலன் இல்லை. விற்றமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும்.

கைக்குழந்தை உள்ள தாய்மார் கவனிக்க

சிட்னியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 1993 முதல் 2003 வரை எலும்பு மெலிவு நோய் கண்ட 126 பிள்ளைகளைப் பற்றி 2006இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இந்த நோயில் பிள்ளையின் எலும்பு மென்மையாகி, கால் வளைந்து போகும். அந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஐந்தில் நாலு பேர் அவுஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். மூன்றில் ஒரு பிள்ளை வலிப்பு வந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது.

தாய்ப்பால் மிக நல்ல உணவு, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் தாய்ப்பாலில் விற்றமின் டி குறைவு. தாய்க்கே குறைவு என்றால் பிள்ளைக்கும் குறைவு. ஆகவே கர்ப்பமாக இருக்கும்போதே பரிசோதிக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும் கறுத்தத் தோல் குழந்தைகளுக்கு முதல் 12 மாதமும் தினமும் 400 யூனிற் சொட்டுமருந்து கொடுக்கச் சொல்வது வழக்கம். உங்கள் டொக்டரிடம் அல்லது தாய் சேய் நல நேர்ஸிடம் கேளுங்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் உடனே 000க்கு அழையுங்கள்.

வெயிலில் போகவா, விடவா?

1981இல் தொடங்கிய "ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்" பிரசாரத்தில் இருந்து இந்த நாடு "வெயிலுக்கு மறை" என்றுதான் சொல்லிவருகிறது. தோல் புற்றுநோய் இங்கே அதிகம், அதனால் அந்த அறிவுரை சரியே. இரண்டையும் சமாளிக்க ஒரு எண்ணைப் பாருங்கள். அதுதான் யூவி அளவு. வானிலை அறிக்கையிலும் சன்ஸ்மார்ட் செயலியிலும் இலவசமாகப் பார்க்கலாம். 3க்குக் கீழே என்றால் மறைக்கத் தேவையில்லை. மெல்பேர்ணில் மே முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் அப்படித்தான். அந்த மாதங்களில் மத்தியான நேரம் கையும் காலும் வெளியே தெரிய நடந்து வாருங்கள். சிட்னியில் குளிர்காலத்திலும் சில நாளில் 3ஐத் தாண்டும், அன்றன்று பாருங்கள். கோடையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை உங்கள் தோலைப் பார்த்து டொக்டர் சொல்வார்.

"கறுத்துப் போவம்" என்று பயந்து உள்ளே இருக்க வேண்டாம். கறுப்பு நோயல்ல, எலும்புத் தேய்வுதான் நோய்.

சாப்பாடு போதுமா?

தனியே சாப்பாடு போதாது, ஆனால் உதவும். மத்தி, டின்மீன், முட்டை, மார்ஜரின் ஆகியவற்றில் உண்டு. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் காளானைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டுச் சமைக்கலாம். கல்சியத்துக்குப் பால், தயிர், நெத்தலி நல்லது.

டொக்டரிடம் எப்படிக் கேட்பது?

"எனக்கு விற்றமின் டி பார்க்க வேணும்" என்று நேரே கேளுங்கள். 2014 நவம்பரில் இருந்து இந்தப் பரிசோதனைக்கு மெடிகெயார் எல்லோருக்கும் காசு கொடுப்பதில்லை. ஆனால் கறுத்தத் தோல் உள்ளவர்களுக்கும் வெயில் காணாமல் வாழ்பவர்களுக்கும் கொடுக்கிறது. நாங்கள் அதற்குள் அடங்குவோம். முடிவில் 50க்குக் கீழே என்றால் குறைவு.

குளிசை மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். ஆனாலும் எவ்வளவு எடுப்பது என்று டொக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் கூடி ஆபத்தாகும். பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போட வேண்டாம். களைப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதையும் டொக்டர் பார்ப்பார்.

மெடிகெயார் இல்லையா? மெல்பேர்ணில் புட்ஸ்கிறேயில் உள்ள புகலிடக் கோரிக்கையாளர் வள நிலையத்திலும், சிட்னியில் நியூட்டவுனில் உள்ள புகலிடக் கோரிக்கையாளர் நிலையத்திலும் மருத்துவ உதவி கேட்கலாம். ஆங்கிலம் தெரியாவிட்டால் 131 450 என்ற இலக்கத்துக்கு அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள். நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

டொக்டர் உங்கள் விபரங்களை இரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். பயமில்லாமல் பேசுங்கள். விசா முடிவு எங்கள் கையில் இல்லை. அது வரும்வரை உடம்பைப் பலமாக வைத்திருப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.